கழுதைகள் மிதித்த கரை

கல்யாணத்தின்போது எங்கள் நைனா எனக்கு மஞ்சக்காணியாக எழுதிக் கொடுத்த நிலம், திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற வழியில் ஓடையை ஒட்டி இருந்தது. மகளுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கு இருக்கட்டும் என்று அப்பா கொடுப்பதுதான் மஞ்சக்காணி. பேர்தான் மஞ்சள். உண்மையில் அந்த நிலம்தான் வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. மேல்செலவுக்கு முல்லையும் சாமந்தியும் கொடுத்தது. எல்லாம் நிலத்தின் ஓரத்தில் இருந்த கிணற்றின் புண்ணியம். சித்திரை வெயிலில் சுற்றுப்பட்ட கிணறுகள் எல்லாம் அடிமண்ணைக் காட்டும்போதும் எங்கள் கிணற்றில் மாடு பூட்டி இறைக்கிற கவலை ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் நைனா வெட்டிய கிணறு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் மிதப்பு உண்டு.

என்னைக் கொடுத்தது சொந்தத் தாய்மாமன் வீட்டில். அதனால் மாமனாரை நான் பேசக் கற்ற நாளிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிட்டேன். வீட்டுக்காரரும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பாவாதான், எங்கள் பேச்சில் அத்தான். அவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடிந்ததும் வண்டிக்குக் கிளம்பிவிடுவார். மாமியார் நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக நிலத்தைப் பார்த்துக்கொண்டது மாமாவும் நானும். எங்கள் இரண்டு பேர் கோபமும் ஒரே குடும்பத்துக் கோபம். சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், சாப்பாட்டு நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஓடை எங்கள் நிலத்தருகே வந்ததும் வளையும். வளைவில் வருகிற தண்ணீர் நேராக வந்து எங்கள் பக்கத்துக் கரையில்தான் முட்டும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஒரு துண்டு நிலம் சரிந்து போகும். முதலில் வரப்போரத்து ஈச்ச மரம் போனது. அடுத்து, கதிர் அடிக்கும் களம் போனது. அதற்கு அப்புறம் ஓடைக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்தது முல்லைத் தோட்டம் மட்டும்தான். அதுவும் போனால் கிணறு ஓடைக்குள் விழும். கிணறு போய்விட்டால் அந்த நிலத்தில் கொள்ளும் எள்ளும் தவிர வேறெதுவும் போட முடியாது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. திருத்தணி அப்போது ஆந்திரத்தோடு சேர்ந்திருந்தது. இந்த ஊர் யாருக்கு என்று இரண்டு ராஜ்யத்துக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கரையைக் கட்டித் தரச் சொல்லி மாமா மனு எடுத்துக்கொண்டு போன இடத்தில், எல்லை முதலில் முடிவாகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எல்லை முடிவாகிற வரைக்கும் ஓடை காத்திருக்குமா? நாமே ஆள் வைத்துக் கட்டிக்கொள்வோம் என்று மாமா முடிவு செய்தார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாடு பார்ப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர்கள் வாசலில் வந்து நின்று அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பு விழுகிற இடத்தைப் பார்ப்பார். மனிதர்களையும் அப்படித்தான் எடைபோட்டார். ஒரு மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவன் தொழுவத்தைப் பார்த்தால் போதும் என்பது அவர் கட்சி. பெண் பார்க்கப் போன வீடுகளில்கூட முதலில் தொழுவத்துக்குத்தான் போவாராம்.

மண் வேலை கண்ட்ராக்டர் ஒருவர் பங்குனி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் பூட்டியிருந்தவை மயிலைக் காளைகள். கொம்புக்குப் பித்தளைக் குப்பி, கழுத்தில் சலங்கை, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்த மாதிரி ஒரு மினுமினுப்பு. மாமா கண்ட்ராக்டரைப் பார்க்கவே இல்லை. காளைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். திமிலைத் தடவினார், வாலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வந்து என்னிடம் சொன்னார்.

"மாட்ட இப்டி வச்சிக்கினு கீறவன் மண்ணுல ஏமாத்த மாட்டான்."

நிலம் என் பேரில் இருந்தது, நிர்வாகம் மாமா கையில் இருந்தது. கண்ட்ராக்டர் மாமா சொன்னதற்கெல்லாம் ஆங், செஞ்சிடலாங்க என்றார். சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கட்டும், அப்போதுதான் நிலம் வீணாகாது என்று மாமா சொன்னார். ஆங், செஞ்சிடலாங்க. வைகாசியில் வருகிற ரோகிணி வெயிலுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்றார். ஆங், அதுவும் செஞ்சிடலாங்க. எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத அந்த வாயைப் பார்த்து எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

கரை எழும்பியது. ஓடையில் கிடந்த மணலையே வாரி நிமிர்த்திக் குவித்து, வெளிப்பக்கம் களிமண் பூசி, தேய்த்து மெழுகிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாமா வருகிறவர் போகிறவரை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பாவாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, ஸ்டேஷன் பிளாட்பாரம் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் மாமா புஷ்பக் காவடி எடுப்பது வழக்கம். அந்த வருஷம் என் தோட்டத்து முல்லையைத்தான் காவடிக்குக் கட்டினோம். முதல் நாளே மேற்கே மலைப்பக்கம் இடி இடித்துக்கொண்டிருந்தது. ஊர் மொத்தமும் மலைமேல் இருந்தது. அரோகரா சத்தத்தில் இடி யார் காதிலும் விழவில்லை. சாமி பார்த்துவிட்டு வெளியே வந்து, வழக்கம்போல எங்கள் நிலம் இருக்கிற பக்கம் திரும்பினேன். மேலேயிருந்து பார்த்தால் தென்னை மரங்களை வைத்து நிலத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தென்னை இருந்தது. கரை இருக்க வேண்டிய இடத்தில் செந்தண்ணீர் உள்ளே புகுந்து அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் படி இறங்கிய வேகத்தில் தலையில் வைத்திருந்த பூ எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது.

போய்ப் பார்த்தபோது பூசின களிமண்ணில் ஒரு சில்லுகூட மிச்சமில்லை. தண்ணீர் அடியில் நோண்டியிருக்கிறது, மேலே இருந்த சுவர் அப்படியே குப்புற விழுந்திருக்கிறது. விழுந்த சுவர் தோட்டத்தில் முக்கால்வாசியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஓடைக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு கட்டில் போடத்தான் இடம் இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நைனா முகம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

மறுவாரம் கண்ட்ராக்டர் வந்தார். அதே வண்டி, அதே காளை. சாமி கொடுத்த மழைக்கு மனுஷன் என்ன செய்வான் என்றார். வேண்டுமானால் மறுபடியும் கட்டித் தருவதாகவும் சொன்னார். மாமா திட்டத்தான் எழுந்து போனார். காளைகளைப் பார்த்ததும் பாதி கோபம் அவரை விட்டுப் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கோபமும் சேர்ந்து வந்தது. நேரே வாசலுக்குப் போய் ஒரு காளையின் கழுத்தில் கையை வைத்துக் காட்டினேன். பாரம் இழுக்கிற மாட்டுக்கு நுகத்தடி பட்ட இடம் காய்ப்புக் காய்த்திருக்கும். இந்தக் காளையின் கழுத்து பட்டுத்துணி மாதிரி வழவழவென்று இருந்தது. மாமாவுக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டார். மாட்டைப் பற்றி அவருக்கு ஒருத்தி எடுத்துக் காட்ட வேண்டி வந்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன், இனி ஆளை நான் பார்க்கிறேன் என்று. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஆடி மழை இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாக் கரைக்கும் ஒரே நாளில் பரீட்சை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் போய் மார்க் பார்த்தால் போதும். களையெடுக்க வருகிற அம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு கிளம்பினேன். பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று மணவூர் போனேன், அங்கே ஆற்றோரம் நடந்தேன். புடவை எடுக்கிறேன் என்று அம்மையார்குப்பம் போனேன். பொய் சொன்னதாக இருக்கக் கூடாது என்று புடவையும் எடுத்தேன். போகிற இடத்தில் எல்லாம் ஒரு கத்தி அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் குத்திப் பார்த்தேன். பல இடங்களில் பிடி வரைக்கும் உள்ளே போனது.

அம்மையார்குப்பத்தில் நெசவுத் தெருவுக்குப் பின்னால் ஒரு கால்வாய்க் கரை. அதை ஒட்டித்தான் அவர்கள் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவார்கள். தண்ணீர் கரையேறினால் பாவு மொத்தமும் போய்விடும். அந்தக் கரையில் அரிவாள் நுனிகூட இறங்கவில்லை. சரிவாக, அகலமாக, மேலே புல் மூடிப் படுத்திருந்தது. பார்க்க ஒரு அழகும் இல்லை. யார் கட்டியது என்று பாவு விரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, கழுதை வைத்து மண் அடிக்கிற மேஸ்திரி ஒருவன் என்றாள்.

எந்த ஊரிலும் நான் ஆள் நல்லவனா என்று கேட்கவில்லை. எல்லாரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள், இல்லை பொல்லாதவன் என்பார்கள், இரண்டாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை. உங்களுக்கும் அவனுக்கும் எதில் சண்டை வந்தது என்று கேட்டேன். மணவூர்ப் பக்கம் கட்டின ஒருவனோடு கூலியில் சண்டை. இன்னொருவனோடு சாராயத்தில் சண்டை. காளைக் கண்ட்ராக்டரோடு சண்டையே கிடையாது, எல்லாவற்றுக்கும் ஆங் போடுகிறவனோடு என்ன சண்டை வரும்? இந்தக் கழுதை மேஸ்திரியைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மாள் கொட்டித் தீர்த்துவிட்டாள். சரிவைக் குறைக்கச் சொன்னதற்குச் சண்டையாம். தண்ணீர் தெளிக்காமல் ஒரு வரிசை மண் போட்ட தன் ஆளையே நடுத்தெருவில் வைத்து ஏசினானாம். நாட்டாண்மைக்காரர் வந்து வேலையில் தலையிட்டதற்குக் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போயே விட்டானாம்.

"சண்ட போட்டுக்கினேதான் கட்னான். ஆனா கர நிக்கிது பாருங்க" என்றாள் கடைசியில்.

போட்ட சண்டை அத்தனையும் மண்ணைப் பற்றி. எனக்கு அது போதும்.

கே.ஜி.கண்டிகைக்கு வெளியே அந்த மேஸ்திரியும் அவன் ஆட்களும் குடிசை போட்டிருந்தார்கள். அடக்கமான ஆள் என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது. தன் கரையை உடைக்கிற வெள்ளம் இன்னும் இந்தப் பூமியில் வரவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னான். நிலத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஓடைக்குள் இறங்கி நின்று, இங்கே சுவர் வைக்கச் சொன்ன புத்திசாலி யார் என்று கேட்டான். எங்கள் மாமா என்று சொன்னேன். அதற்கும் அவன் மழுப்பவில்லை. தெலுங்கும் தமிழும் கலந்து ஒரு பாட்டம் திட்டினான். பிறகு நிபந்தனை போட்டான்.

"கரைய உள்ளாற வெட்டி சாய்க்கணும். கீற முல்லச் செடியும் போவும். எங் கழுதைங்க அடியிலேர்ந்து தல வரிக்கும் ஏறி எறங்கிக்கினே இருக்கணும். நடுவுல யாராவது வந்து எதாவது சொன்னா நான் போய்கினே இருப்பேன்."

ஓடை தின்றது போதாதென்று நானே என் நிலத்தை வெட்டித் தர வேண்டுமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அம்மையார்குப்பத்துக் கரை கண்ணில் நின்றது. கூலி பேசி முடித்தோம். மிச்சம் இருந்த முல்லைச் செடிகளை மறுநாள் நானே என் கையால் பிடுங்கினேன். வேறு ஆளை விட்டுப் பிடுங்க மனசு வரவில்லை.

வீட்டில் பூகம்பம். விவசாயி நிலத்தில் கழுதை கால் வைப்பதா? கழுதை நடந்த நிலம் குட்டிச்சுவராகிவிடும் என்று மாமா குதித்தார். சொந்தக்காரர்கள் வாயில் விழுந்து எழ முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை பாவா வந்தார். அப்பா பேசும்போது அப்பா பக்கம் தலையாட்டினார், நான் பேசும்போது என் பக்கம் தலையாட்டினார், திங்கட்கிழமை வண்டி ஏறிவிட்டார். எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"நெலம் எம்பேர்ல கீது மாமா. பாவம் வந்தா எனக்கே வரட்டும். கெணறு போவ நான் உட மாட்டேன்" என்றேன்.

மாமா எழுந்துகொண்டார். உன் நிலத்தில் நீ என்னவோ செய்துகொள், என் வரப்பில் ஒரு கழுதை ஏறினாலும் நான் மனுஷனாக இருக்க மாட்டேன் என்றார். என் நிலத்தை ஒட்டி ரோட்டோரமாக அவருக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது; ரோட்டிலிருந்து வர அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது சண்டை போடுவான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். ரோடு ஓடையைக் கடக்கிற இடத்தில் கழுதைகளை ஓடைக்குள் இறக்கி, மணலிலேயே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

புரட்டாசி பூராவும் வேலை நடந்தது. முதலில் பழைய கரையைப் படி படியாக வெட்டினார்கள். புது மண் பழைய மண்ணோடு பிடித்துக்கொள்ள அது வேண்டும். அடியில், தண்ணீர் நோண்டுகிற இடத்தில் பனந்துண்டுகளை நெருக்கமாக இறக்கி, பின்னால் கருங்கல் அடைத்தார்கள். ஏரிக் களிமண்ணும் செம்மண்ணும் கலந்து கழுதைகளின் முதுகில் பொதியாக வந்தது. ஒரு சாண்கூட உயரம் ஏறாது, உடனே தண்ணீர் தெளித்துக் கழுதைகளை மேலே ஓட்டுவார்கள். மேஸ்திரியின் மனைவிதான் அவற்றை ஓட்டினாள். பொதியோடு ஏறும், பொதியை இறக்கிவிட்டு வேறு பக்கமாக இறங்கும். மாட்டுக் குளம்பு அகலம், மண்ணைப் பிளந்து தள்ளிவிடும். கழுதைக் குளம்பு சின்னது, இறங்கிய இடத்தை இடித்து இறுக்கிவிடும். நான் தினமும் அரிவாளோடு போய் நின்றேன். முந்தின நாள் வரிசையில் குத்திப் பார்ப்பேன். மேஸ்திரிக்கு அது பிடிக்காது. சந்தேகமா என்று கேட்டு முறைப்பான். ஆமாம் சந்தேகம்தான் என்று நானும் முறைப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டையில் களையெடுக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

மாமா தன் நிலத்தில் நின்றுகொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டியே வேலை பார்த்தார். ஆனால் முதுகைக் காட்டியபடியே அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

தங்கை வளைகாப்புக்கு நான் மணவூர் போக வேண்டி வந்தது. போன சமயம் பார்த்து மாமா கரைக்கு வந்திருக்கிறார். கிணற்றுக்கு நேரே கரை இவ்வளவு தூரம் சரிந்து கிடப்பதைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்திலாவது நிமிர்த்திக் கட்டினால் இன்னும் நாலு பாத்தி மிஞ்சும் என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி பொதிகளைக் கவிழ்த்துவிட்டுக் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நான் திரும்பி வந்து பார்த்தபோது கரை பாதியில் நின்றது, கிணற்றுப் பக்கம் வெட்டிவிட்ட மண் வாயைத் திறந்துகொண்டிருந்தது. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு வந்த பயம் மாதிரி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சுவர் இருந்தபோதே முக்கால் தோட்டம் போனது. இப்போது வெட்டிப்போட்ட பச்சை மண்ணில் வெள்ளம் வந்தால் கிணறு ஒரு ராத்திரி தாங்காது.

மாமாவிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கிணறு போனால் நான் இந்த வீட்டில் எப்படி உங்கள் முகத்தில் விழிப்பேன் மாமா என்று மட்டும் கேட்டேன். அவர் தலை குனிந்தது. நான் அப்படியே புறப்பட்டுக் கண்டிகைக்கு நடந்தேன்.

மேஸ்திரி குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. சொன்னதைத்தானே செய்தேன் என்றான். அவன் சொன்னது நியாயம்தான். கெஞ்சலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் கெஞ்சினால் காரியம் நடக்காது என்று தெரிந்துபோயிற்று.

"அம்மையார்குப்பத்துல உங் கரையப் பாத்துட்டுதான் உன்னத் தேடிக்கினு வந்தேன். நாளைக்கி ஒருத்தர் என் நெலத்துக்கு வந்து பாப்பாங்க. பாதியில நின்னு ஒடஞ்சி கெடந்தா, கழுதக்கார மேஸ்திரி கட்ன கரைன்னுதான் சொல்லுவாங்க. எங்க மாமா பேர யாரும் சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி நடந்தேன். உள்ளே அவன் மனைவி அவனை ஏதோ ஏசுவது கேட்டது. நான் வீடு வந்து சேர்ந்து, முகம் கழுவி, அடுப்பு மூட்டுகிற நேரம்; களையெடுக்கிற அம்மாள் ஓடிவந்து, கழுதைகள் ஓடையில் இறங்கிவிட்டதாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் அவர்கள் மழையோடு போட்டி போட்டார்கள். நானும் தண்ணீர்க் குடம் தூக்கினேன். களையெடுக்கிற பெண்கள் எல்லாரும் புல் பெயர்த்துக்கொண்டு வந்து சரிவில் பதித்தார்கள். ஓரமாக நொச்சிக் குச்சிகளை நட்டோம், அடியில் நாணல் வைத்தோம். மாமா வரவே இல்லை. கடைசி நாள் மேஸ்திரி கரைமேல் ஏறி நின்று ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தான். கூலியை வாங்கிக்கொண்டான். வெள்ளம் வந்து போன பிறகு பார்க்க வருகிறேன் என்றான். ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமா என்று நான் வாயெடுப்பதற்குள், அரிவாளால் என் கரையில் இனிக் குத்தாதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்ததில் புல் வேர் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் மாலை ஆரம்பித்த மழை விடியும் வரை நிற்கவே இல்லை. நான் எப்படியோ கண்ணயர்ந்திருக்கிறேன். விடிந்து பார்த்தால் மாமா கட்டிலில் இல்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிலத்துக்கு ஓடினேன். ஓடை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்த ஒரு பெரிய புளியமரம் வளைவில் திரும்பி எங்கள் கரையில் முட்டியது. மரம் சரிவில் வழுக்கி, திரும்பி, ஓடையோடு போய்விட்டது. கரை அசையவில்லை. நொச்சிக் குச்சிகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன.

மாமா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கிணற்றில் வாளியை விட்டு ஒரு வாளி சேந்தினார். வெள்ளம் உள்ளே கசிந்திருந்தால் தண்ணீர் கலங்கியிருக்கும். அடி தெரிகிற மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தார். எனக்கும் கையில் ஊற்றினார். நானும் குடித்தேன்.

மழை கொஞ்சம் விட்டதும் பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து கூடினார்கள். கீழ்ப்பக்கம் ஒருவருடைய வாழைத் தோட்டம் மொத்தமும் ஓடையோடு போயிருந்தது. அவர் எங்கள் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமாவிடம், யாரை வைத்துக் கட்டினீர்கள், எந்தக் கண்ட்ராக்டர் என்று கேட்டார். மாமா எப்படியும் பேச்சை மாற்றுவார், இல்லை தானே கட்டினதாகச் சொல்லிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு நான் தென்னை மரத்தடியில் நின்றிருந்தேன்.

"மாட்டப் பத்தின்னா என்னக் கேளு. இது எம் மருமவ கட்ன கர. அதுங்கிட்ட போய்க் கேளு" என்றார் மாமா.

அந்த மனிதர் ஈரத் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.